வெர்சாய் அரண்மனையில் திப்புவின் தூதர்கள்: ஒரு செதுக்கோவியம் சொல்வதும் சொல்லாததும்

அளவற்ற அருளாளன் நிகரற்ற அன்பாளன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வரலாற்றுப் படங்கள் வந்த வண்ணம் இருக்கின்றன. ஒரு படம், அதன் கீழே பெருமை பொங்கும் இரண்டு வரிகள், 'அனைவருக்கும் பகிருங்கள்' என்றொரு வேண்டுகோள். படத்தை யார் வரைந்தார், எப்போது வரைந்தார், அதில் இருப்பது உண்மையா என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணமாகவே இந்தச் செதுக்கோவியத்தை எடுத்துக்கொள்கிறோம்.

பிரான்ஸ் மன்னர் பதினாறாம் லூயி தம் அரசவையில் மைசூர் திப்பு சுல்தானின் தூதர்களை வரவேற்கும் காட்சி அது. ஒருபுறம் மன்னரும் அவருடைய அவையினரும். அவர்களுக்கு எதிரே தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்த நம் நாட்டு முஸ்லிம்கள். பார்த்தவுடன் உள்ளம் நிமிர்கிறது. நிமிரட்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்த வரவேற்பின் முன்னும் பின்னும் நடந்தவை அந்தப் படத்தில் இல்லை. அவற்றையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தப் படம் நமக்குப் பாடமாகும்.

செதுக்கோவியம் என்றால் என்ன?

புகைப்படக் கருவி வருவதற்கு முன், ஒரு காட்சியைப் பலருக்குக் கொண்டு சேர்க்கும் வழி இதுதான். செம்பு அல்லது எஃகுத் தகட்டில் கூரிய உளியால் கோடு கோடாகச் செதுக்குவார்கள். தகடு முழுவதும் மை தடவி, மேற்பரப்பை மட்டும் துடைத்துவிடுவார்கள். பள்ளமான கோடுகளில் மை தங்கியிருக்கும். அதன் மேல் ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் காகிதத்தில் இறங்கும். தகட்டில் வலப்பக்கம் இருப்பது காகிதத்தில் இடப்பக்கம் வரும் என்பதால் எல்லாவற்றையும் தலைகீழாகவே செதுக்க வேண்டும். ஒரே தகட்டிலிருந்து நூற்றுக்கணக்கான படிகள் எடுக்கலாம். புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் அவை இடம்பெற்றன, கடைகளிலும் விற்பனையாயின.

பொதுவாக இதில் இருவருடைய கை இருக்கும். ஒருவர் மூலப்படத்தை வரைவார், மற்றவர் அதைத் தகட்டில் செதுக்குவார். நாம் பேசும் படத்தை வரைந்தவர் எமில் வாத்தியே, செதுக்கியவர் வுவாயே. இருவரும் பிரெஞ்சுக் கலைஞர்கள்.

இங்கே ஒரு முக்கியமான செய்தியைக் கவனிக்க வேண்டும். வரவேற்பு நடந்தது 1788ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் தேதி. வாத்தியேயோ 19ஆம் நூற்றாண்டுக் கலைஞர். தூதர்கள் வெர்சாயில் நின்றபோது அவர் பிறக்கவே இல்லை. அதாவது, இது நேரில் கண்டவரின் சாட்சியம் அல்ல. கேட்டும் படித்தும் அறிந்த ஒன்றை, தம் காலத்து வாசகருக்குப் பிடிக்கும் வகையில் ஒருவர் கற்பனை செய்து வரைந்தது.

ஹதீஸ் கலையில் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? இந்த அறிவிப்பாளர் அவரைச் சந்தித்தாரா, அவரிடம் நேரடியாகக் கேட்டாரா என்றுதானே! அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி விடுபட்டால் அந்த அறிவிப்பைக் கவனமாகக் கையாளுகிறோம். படத்துக்கும் அதே அளவுகோலை வைத்தால் என்ன?

தூதுக்குழு ஏன் புறப்பட்டது?

இந்தக் கதையின் தொடக்கம் தமிழ் மண்ணில், கடலூரில் இருக்கிறது. 1780இல் தொடங்கிய இரண்டாம் மைசூர்ப் போரில் ஹைதர் அலியும், 1782 டிசம்பரில் அவர் மறைந்த பின் திப்புவும், பிரெஞ்சுக்காரர்களைத் துணையாகக் கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனியை எதிர்த்தனர். 1783 ஜூனில் ஆங்கிலேயர் கடலூரை முற்றுகையிட்டிருந்த வேளையில், ஐரோப்பாவில் பிரான்ஸும் இங்கிலாந்தும் சமாதானம் செய்துகொண்ட செய்தி வந்து சேர்ந்தது. பிரெஞ்சுப் படைகள் உடனே போரை நிறுத்திக்கொண்டன. அதே சமயம் மேற்குக் கரையில் மங்களூரை முற்றுகையிட்டிருந்த திப்பு, துணையின்றித் தனியே நின்றார். 1784 மார்ச் 11இல் மங்களூர் உடன்படிக்கையுடன் போர் முடிந்தது.

கடல் கடந்து எங்கோ எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம், தம் போர்க்களத்தின் முடிவை மாற்றிவிட்டதைத் திப்பு கண்டார். இடையிலிருக்கும் தளபதிகளையும் ஆளுநர்களையும் நம்பிப் பயனில்லை, மன்னரிடமே பேச வேண்டும் என்று முடிவு செய்தார். 1786இல் ஒரு பெரும் தூதுக்குழு இஸ்தான்புல் நோக்கிக் கடலேறியது. அடுத்த ஆண்டு பிரான்ஸுக்கு மற்றொரு குழுவை அனுப்பினார்.

முஹம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முஹம்மது உஸ்மான் கான் ஆகிய மூவரே பிரான்ஸ் சென்ற தூதர்கள். 1787 ஜூலையில் புதுச்சேரியிலிருந்து கப்பல் ஏறினார்கள். மொரீஷியஸ் வழியாக, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு, 1788 ஜூன் 9இல் பிரான்ஸின் தென்கரையிலுள்ள துலோன் துறைமுகத்தை அடைந்தார்கள். ஏறத்தாழ பதினோரு மாதப் பயணம்.

அந்தத் தேதியை ஹிஜ்ரியில் கணக்கிட்டுப் பார்த்தால் 1202 ரமளானின் தொடக்க நாட்கள் வருகின்றன. முஸ்லிம்கள் வாழாத ஒரு நாட்டில், கோடை காலத்தின் மிக நீண்ட பகல்களில், அந்தப் பயணிகள் ரமளானோடு கரையிறங்கியிருக்கிறார்கள். ஷவ்வால் பிறையும் அந்நிய வானத்தில்தான். பாரிஸ் நகருக்குள் அவர்கள் நுழைந்தது ஜூலை 16இல். இவை எதுவும் செதுக்கோவியத்தில் இல்லை. வரைந்தவருக்கு அது தேவைப்படவில்லை, நமக்குத் தேவைப்படுகிறது.

ஆகஸ்ட் 10: ஹெர்குலிஸ் கூடத்தில்

வெர்சாய் அரண்மனை, அயல்நாட்டுத் தூதர்களை வரவேற்பதையே ஒரு பெரும் காட்சியாக நடத்திப் பழகிய இடம். 1686இல் சயாம் நாட்டுத் தூதர்களையும், 1715இல் பாரசீகத் தூதர் முஹம்மது ரஸா பேக்கையும் பதினான்காம் லூயி கண்ணாடிக் கூடத்தில் வரவேற்றார். அக்காட்சிகள் செதுக்கோவியங்களாக அச்சாகி விற்பனையாயின. தொலைதூர மன்னர்களெல்லாம் எங்கள் மன்னரைத் தேடி வருகிறார்கள் என்று சொந்த மக்களுக்குக் காட்டுவதும் அப்படங்களின் நோக்கமாக இருந்தது.

திப்புவின் தூதர்களுக்கு ஹெர்குலிஸ் கூடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் சுவரில் இருக்கும் வெரோனேசேயின் பிரம்மாண்ட ஓவியமே, வெனிஸ் குடியரசு 1664இல் பதினான்காம் லூயிக்கு அனுப்பிய அன்பளிப்புதான். அந்தக் கூடத்தில் மன்னரிடம் தூதர்கள் திப்புவின் நட்பைத் தெரிவித்தார்கள். அன்புடன் வரவேற்கப்பட்டார்கள்.

அவர்கள் கேட்க வந்தது என்ன? ஆங்கிலேயருக்கு எதிராக ஓர் உறுதியான போர்க்கூட்டணி. திப்புவின் திட்டத்தில் 10,000 பிரெஞ்சுப் படைவீரர்கள் இருந்தனர். அத்துடன் கைவினைஞர்கள், தோட்டக்காரர்கள், விதைகள், செடிகள் ஆகியவற்றையும் கேட்டார். பீரங்கியை மட்டுமல்ல, தொழிலையும் விவசாயத்தையும் சேர்த்தே சிந்தித்த ஆட்சியாளர் அவர்.

கிடைத்தது என்ன? விருந்துகள் கிடைத்தன. நாடக அரங்குகளில் இருக்கைகள் கிடைத்தன. செவ்ர் அரசுத் தொழிற்சாலையின் விலையுயர்ந்த பீங்கான் பொருட்கள் கிடைத்தன. விதைகளும் செடிகளும் கிடைத்தன. கூட்டணி கிடைக்கவில்லை. படை கிடைக்கவில்லை.

ஏன்? இரண்டு காரணங்கள். 1783இல் இங்கிலாந்துடன் செய்த சமாதானத்தை முறிக்க பிரான்ஸ் விரும்பவில்லை, 1786இல் இங்கிலாந்துடன் வணிக ஒப்பந்தமும் செய்திருந்தது. இது முதல் காரணம். இரண்டாவது, கஜானா காலி. அமெரிக்க விடுதலைப் போருக்குச் செய்த செலவு பிரான்ஸைக் கடனில் மூழ்கடித்திருந்தது. தேதிகளைப் பாருங்கள். ஆகஸ்ட் 8இல், நெருக்கடியைச் சமாளிக்க முடியாமல், 1614க்குப் பிறகு கூட்டப்படாதிருந்த மக்கள் பிரதிநிதிகள் பேரவையை மறு ஆண்டு மே மாதம் கூட்டுவதாக மன்னர் அறிவித்தார். ஆகஸ்ட் 10இல் தூதர்களுக்கு வரவேற்பு. ஆகஸ்ட் 16இல் அரசு தன் கடன்களுக்கான ரொக்கப் பட்டுவாடாவை நிறுத்தியது.

திவாலாவதற்கு ஆறு நாட்கள் முன்னால் அந்தப் பொன்மயமான கூடத்தில் நின்று பத்தாயிரம் வீரர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் நம்மவர்கள். செதுக்கோவியத்தில் கூடம் தெரிகிறது, கஜானா தெரியவில்லை.

உயிர் கேட்ட ஓவியம்

வாத்தியேயைப் போலன்றி, தூதர்களை நேரில் கண்டு வரைந்தவர்களும் உண்டு. செவ்ர் தொழிற்சாலையின் ஓவியர் அஸ்லான், செயின்ட் க்ளூ பூங்காவில் கூட்டத்தின் நடுவே தூதர்கள் உலவும் காட்சியை 1788இலேயே வரைந்தார். அரசி மாரி அந்துவானெத்தின் ஓவியரான எலிசபெத் விஜே லெ ப்ரன் என்ற பெண்மணி, தர்வேஷ் கான் வாளுடன் நிற்கும் முழு உருவத்தைத் தீட்டினார். அந்த ஓவியம் 2019இல் நியூயார்க் ஏலத்தில் 70 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது.

அவர் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஓவியம் முடிந்ததும் அதைத் திருப்பித்தர தர்வேஷ் கான் மறுத்தாராம். தம் படுக்கைக்குப் பின்னால் மறைத்து வைத்துக்கொண்டு, இதற்கு ஓர் உயிர் வேண்டும் என்றாராம். ஓவியருக்கு இது ஒரு விநோதமான கீழைநாட்டுப் பேச்சு. அப்படித்தான் அதை எழுதிவைத்தார்.

ஆனால் மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதிய ஒரு பிள்ளைக்கு இதைக் கேட்டதும் வேறொன்று நினைவுக்கு வரும். உயிரினங்களின் உருவத்தைப் படைப்போரிடம், நீங்கள் படைத்தவற்றுக்கு உயிர் கொடுங்கள் என்று மறுமையில் சொல்லப்படும் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. தர்வேஷ் கானின் மனத்தில் இருந்தது அதுதான் என்று நாம் அறுதியிட்டுச் சொல்ல மாட்டோம். எனினும், மன்னரின் விருப்பத்துக்காக ஓவியர் முன் நின்றுவிட்டு, பிறகு அந்த உருவத்தைப் பார்த்து மனம் உறுத்திய ஒரு முஸ்லிமின் குரலாக அது நமக்குக் கேட்கிறது. நேரில் கண்டவரின் சாட்சியத்திலும் ஒரு வரம்பு உண்டு என்பதை இது காட்டுகிறது. அவர் சொல்லைச் சரியாகவே கேட்டிருக்கலாம், அதன் பொருள் அவருக்கு எட்டவில்லை. அதை எட்டிப் பிடிக்கும் பொறுப்பு நம்முடையது.

தூதர்களை மதிப்பது மார்க்கத்தில்

தூதரைக் கண்ணியப்படுத்துவது வெர்சாயின் கண்டுபிடிப்பு அல்ல. பொய் நபியான முஸைலிமாவின் தூதர்கள் இருவர் நபி (ஸல்) அவர்கள் முன்னிலையிலேயே அவனை ஏற்பதாகத் துணிந்து கூறியபோதும், தூதர்கள் கொல்லப்படுவதில்லை என்ற மரபைச் சுட்டிக்காட்டி நபியவர்கள் அவர்களை விட்டுவிட்டார்கள்.

குறைஷிகளின் தூதராக மதீனா வந்த அபூராஃபிஉ (ரலி) அவர்களின் நிகழ்வு இதைவிட உருக்கமானது. நபியவர்களைக் கண்டதும் அவருடைய உள்ளத்தில் இஸ்லாம் நுழைந்தது. இனி நான் திரும்பிப் போக மாட்டேன் என்றார். நபியவர்கள் சம்மதிக்கவில்லை. நாம் வாக்கை முறிப்பதில்லை, தூதர்களைத் தடுத்து வைப்பதுமில்லை, திரும்பிச் செல்லும், இப்போது உமது உள்ளத்தில் இருப்பது அப்போதும் இருந்தால் திரும்பி வாரும் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். அவர் சென்றார், பிறகு வந்து இஸ்லாத்தை ஏற்றார். அபூதாவூதில் இது பதிவாகியுள்ளது. இஸ்லாத்துக்கு வர விரும்பும் ஒருவரைக்கூட, அவர் தூதராக வந்திருக்கும் நிலையில் நிறுத்திக்கொள்ளக் கூடாது என்ற அளவுக்கு அந்த அமானிதம் பேணப்பட்டது.

வரும் குழுக்களுக்கு அன்பளிப்புக் கொடுங்கள், நான் கொடுத்ததைப் போல என்பது நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது செய்த அறிவுரைகளில் ஒன்று. அதே வேளையில், தூதுக்குழுக்கள் வரும்போது அணிய ஒரு பட்டு அங்கியை வாங்கிக்கொள்ளலாமே என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னபோது நபியவர்கள் அந்தப் பட்டை ஏற்கவில்லை. விருந்தினரை மதிக்கவும் வேண்டும், மதிப்பதற்காக வரம்பு மீறவும் கூடாது.

அன்பளிப்பு விஷயத்தில் அந்நம்ல் அத்தியாயம் காட்டும் காட்சியை நாம் எல்லோரும் அறிவோம். சபா நாட்டு அரசி செல்வங்களுடன் தூதர்களை அனுப்புகிறார். சுலைமான் (அலை) அவர்கள் அந்தச் செல்வத்தில் மயங்கவில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவர்கள் நாடியது பொருளை அல்ல, சத்தியத்துக்கு அந்த மக்கள் பணிவதை. தாம் எதற்காக நிற்கிறோம் என்பதில் தெளிவாக இருப்பவரை அன்பளிப்பு திசைதிருப்பாது. வெர்சாயில் நடந்ததை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கேட்டது படை, கொடுத்தது பீங்கான். மரியாதை வேறு, உதவி வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணும் சமுதாயம் ஏமாறும். அன்றும் அப்படித்தான், இன்று நம் தலைவர்கள் மேடைகளில் பொன்னாடைகளோடு திரும்பும்போதும் அப்படித்தான்.

நான்கு ஆண்டுகளில் இன்னொரு படம்

1788இன் இறுதியில் தூதர்கள் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டு புதுச்சேரி திரும்பினார்கள். 1789 ஜூலை 14இல் பாரிஸில் பாஸ்டில் சிறை தகர்க்கப்பட்டது. 1790இல் மூன்றாம் மைசூர்ப் போர் மூண்டபோது பிரெஞ்சுப் படை வரவில்லை. திப்பு தோற்றார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி தம் நாட்டில் பாதியை இழந்தார். இன்றைய தமிழகத்தின் திண்டுக்கல்லும், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளை உள்ளடக்கிய பாராமகாலும் கம்பெனியின் கைக்குப் போனது அப்போதுதான். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம். அது தீரும்வரை பிணையாக அவருடைய இரு மகன்கள். அந்தச் சிறுவர்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

அவர்களைக் கார்ன்வாலிஸ் பிரபு 'வரவேற்கும்' காட்சியும் ஓவியமானது, செதுக்கோவியமாகி லண்டனில் பரவலாக விற்பனையானது. அதை வரைந்தவர்களுள் ஒருவரான மேதர் பிரவுன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. அந்தப் படத்தில் கார்ன்வாலிஸ் கனிவான தந்தையைப் போல் கை நீட்டுகிறார். பிள்ளைகளைப் பிரிந்த வீடு அதில் இல்லை.

இரண்டு படங்களையும் அருகருகே வையுங்கள். இரண்டிலும் வரவேற்பு, இரண்டிலும் பட்டாடை, இரண்டிலும் நம்மவர்கள். இரண்டையும் வரைந்தது வரவேற்றவர்களின் பக்கம்தான்.

1793 ஜனவரி 21இல் பதினாறாம் லூயி கில்லட்டினில் தலை இழந்தார். 1799 மே 4இல் திப்பு சுல்தான் தம் கோட்டையிலேயே போரிட்டு வீழ்ந்தார். ஆட்சியைத் தான் நாடியோருக்குக் கொடுப்பவனும், நாடியோரிடமிருந்து எடுப்பவனும் அல்லாஹ்வே.

படத்தை எப்படிப் படிப்பது?

இனி ஒரு வரலாற்றுப் படம் கைக்கு வந்தால், பகிரும் முன் நம் பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு சில கேள்விகள் கேட்போம்.

1. இதை வரைந்தவர் யார், யாருக்காக வரைந்தார்?
2. சம்பவம் எப்போது நடந்தது, படம் எப்போது வரையப்பட்டது? வரைந்தவர் நேரில் கண்டவரா?
3. படத்தின் கீழுள்ள வாசகம் படத்தோடு வந்ததா, பின்னர் யாரோ சேர்த்ததா?
4. இதற்கு முந்திய நாளும் மறுநாளும் என்ன நடந்தது?
5. இதில் யாருடைய பேச்சு இல்லை?

செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள் என்ற அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை வாய்ச்சொல்லுக்கு மட்டும் உரியதல்ல. கோட்டாலும் மையாலும் சொல்லப்படும் செய்தியும் செய்திதான். நமக்குப் பெருமை தரும் செய்தியாக இருந்தால் இன்னும் கூடுதலாக விசாரிக்க வேண்டும், ஏனெனில் அங்கேதான் நம் உள்ளம் சீக்கிரம் நம்பிவிடுகிறது.

அந்த மூவரும் புதுச்சேரியில் கப்பல் ஏறி, ரமளானில் கரையிறங்கி, கேட்கச் சொன்னதைக் கேட்டார்கள். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில் இல்லை. எடுத்துச் சொல்லும் பொறுப்பை நிறைவேற்றினார்கள். அவர்களின் வரலாற்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் அடுத்த தலைமுறைக்கு எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு.

உண்மையை உண்மையாகக் காணும் பார்வையையும், கேட்டதை ஆராய்ந்து சொல்லும் நாவையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.